காது முன்னே, கை பின்னே

கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தபோது எனக்கு வயது 23. சீர்வரிசையோடு வீணையும் வந்தது. ஆறேழு மாதம் கூடத்தில் இருந்தது. முதல் குழந்தை பிறந்ததும் மாடி அறைக்குப் போய்விட்டது. வருடத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்கு அதைக் கீழே இறக்கித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். விஜயதசமியன்று பெயருக்கு ஒருமுறை தந்தியை மீட்டிவிட்டு மறுபடி மாடிக்கு ஏற்றிவிடுவோம். இப்படியே 35 வருடம் ஓடிவிட்டது. பணி ஓய்வு பெற்ற வருடம் பூஜைக்கு இறக்கிய வீணையை நான் திரும்ப ஏற்றவில்லை.

காவிரிக் கரை ஊர்களில் இந்தக் கதை என் ஒருத்தியுடையது அல்ல. சின்ன வயதில் வயலின் கற்றேன், வர்ணம் என்ற நீண்ட பயிற்சிப் பாட்டு வரை வந்தேன், அப்புறம் படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போயிற்று என்று சொல்கிறவர்களைக் கோயிலிலும் கச்சேரியிலும் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களில் சிலர் ஓய்வுக்குப் பின் வாத்தியத்தை மறுபடி கையில் எடுக்கிறார்கள். எடுத்தவர்களில் நிறையப் பேர் மூன்று வாரத்துக்குள் திரும்ப உறையில் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் “கை போய்விட்டது” என்கிறார்கள்.

கை அவ்வளவு எளிதில் போவதில்லை. அந்த மூன்று வாரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அதைத் தாண்டிவிடலாம். எனக்கு அது தெரிய வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். தெரிந்த அளவை, சங்கீதம் பழகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

மறந்ததா, தூர்ந்ததா?

கோடையில் எங்கள் பக்கத்து வாய்க்கால்களைப் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்று நாலைந்து மாதம் ஆகியிருக்கும். கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, வாய்க்கால் எது வரப்பு எது என்றே அடையாளம் தெரியாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முன்னால் தூர்வாரும் வேலை நடக்கும். தூர்வாருவது வேறு, புதிதாக வாய்க்கால் வெட்டுவது வேறு என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். மட்டம் பார்த்து, வளைவு பார்த்து வெட்டிய வேலை எப்போதோ முடிந்துவிட்டது. படிந்த வண்டலை அள்ளிவிட்டால் தண்ணீர் பழைய தடத்திலேயே ஓடும்.

கை கற்ற வித்தையும் இப்படித்தான் தூர்ந்துபோகிறது. உளவியலில் இதற்குச் ‘சேமிப்பு’ என்று பெயர். ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்தார்; மறக்கும்படி விட்டார்; பிறகு அதே வரிசைகளை மறுபடி மனப்பாடம் செய்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். அந்த அளவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றியதைக்கூட மறுபடி கற்க முதல் முறையைவிடக் குறைவான நேரமே பிடித்தது. மிச்சமான அந்த நேரத்தைத்தான் அவர் சேமிப்பு என்று அழைத்தார். ‘நினைவுக்கு வரவில்லை’ என்பதும் ‘உள்ளே இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்று அதிலிருந்து தெரிந்தது.

எபிங்ஹாஸ் அளந்தது சொல் நினைவை. கையின் நினைவு அதைவிடக் கெட்டியானது. இதற்கு வீட்டு வாசலிலேயே அத்தாட்சி இருக்கிறது. நன்றாகச் சிக்குக் கோலம் போடுகிற ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஏழு புள்ளிக் கோலத்தில் முதல் இழை எங்கே தொடங்கி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். நாலாவது வளைவில் தடுமாறிவிடுவார். கையில் மாவைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டு முடிப்பார். பெயர், தேதி, பாட்டின் வரிகள் எல்லாம் ஒரு வகை நினைவு. செய்முறை இன்னொரு வகை. மூளையில் இரண்டுக்கும் வேறு வேறு இடங்கள். செய்முறை நினைவில் பெரும் பங்கு சிறுமூளைக்கும், மூளையின் உள் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்களுக்கும் உரியது.

இதை உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது ஒரு துயரமான நோயாளியின் மூலம். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் பென்சிலை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இதற்கு முன் இதைச் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் மூன்று நாளில் அவர் கை கோட்டைவிட்டு விலகுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. மனிதருக்குத் தெரியாமல் அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

சங்கீதத்தின் முதல் பாடமான உங்கள் சரளி வரிசையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எது போகிறது

அப்படியானால் முதல் நாள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது? வழி தெரிந்திருந்தாலும் நடக்கக் கால் வேண்டும் அல்லவா? வாசிப்பவரிடமிருந்து முதலில் போவது தோலும் தசையும்.

வீணையில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தந்தியை மெட்டின் (குறுக்கே வைத்த உலோகக் கட்டையின்) மேல் அழுத்தும். நாள்தோறும் வாசிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு விரல் நுனியும் காய்த்து, தந்தி பதிகிற இடத்தில் கோடு விழுந்திருக்கும். அடிக்கடி அழுத்தமும் உராய்வும் படுகிற இடத்தில் தோல் தன்னைத் தானே தடிமனாக்கிக்கொள்கிறது. அழுத்தம் நின்றதும் காய்ப்பு உதிர்ந்து மெல்லிய தோல் வந்துவிடுகிறது. 58 வயதில் என் விரல் நுனி புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரல்போல மெத்தென்று இருந்தது. பத்து நிமிடத்தில் எரிச்சல். மறுநாள் சாம்பாருக்குப் புளி கரைக்க முடியவில்லை. காய்ப்பு திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். அதை அவசரப்படுத்த வழி இல்லை. தோல் கிழிந்துவிட்டால் ஆறும்வரை நிறுத்த வேண்டும், அதோடு பாதி காய்ப்பும் போய்விடும். வலிக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மறுநாள் தொடர்வதுதான் குறுக்கு வழி. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு விரலில் தொட்டுக்கொள்வது வீணைக்காரர்களின் பழைய பழக்கம்; தந்தியின் மேல் விரல் வழுக்கிப் போகும், உராய்வு குறையும்.

தசை அடுத்தது. கமகம் என்பது ஸ்வரத்தை அசைப்பது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதை வரவழைக்கிறோம். ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு இழுத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடலாம். அதற்கு வேண்டிய பலம் விரலில் மட்டும் இல்லை, முன்கையிலும் இருக்கிறது. அது வரும்வரை கமகம் பாதி தூரம் போய் நின்றுவிடும், ஸ்வரம் கொஞ்சம் கீழேயே தொங்கும்.

எல்லாவற்றிலும் கடைசியாக வருவது நுணுக்கமான நேரக் கணக்கு. தண்ணீர் வந்துவிட்டது என்று தலைமடையில் கொண்டாடும்போது கடைமடையில் இன்னும் வெடித்த மண்ணாகவே இருக்கும் அல்லவா, அது போலத்தான். முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய அசைவுகள் இரண்டு மூன்று நாளில் பழைய பாங்குக்கு வந்துவிடுகின்றன. விரல்கள் பல வாரம் எடுக்கின்றன. வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன. வலது கைச் சுண்டுவிரலால் தாளத்துக்கு அவற்றை மீட்ட வேண்டும். மற்ற விரல்கள் மேலே ஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது நடக்க வேண்டும். என் கையின் கடைமடை அந்தச் சுண்டுவிரல்தான்.

காது வளர்ந்துவிட்டது

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

வாசிப்பதை நிறுத்திய நாளில் கை அப்படியே நின்றுவிட்டது. காது நிற்கவில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு காதை நிறுத்திவைப்பது நடக்கிற காரியமும் இல்லை. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். கல்யாணத்துக்குக் கல்யாணம் கெட்டிமேளமும் அதற்கு முன் ஆலாபனையும். ஜனவரி வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. நூற்றுக்கணக்கானவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுவதைக் கேட்க நான் போகாத வருடங்கள் குறைவு. சமைக்கும்போது வானொலி, பிற்பாடு போன். 35 வருடத்தில் நான் கேட்ட தோடி எத்தனை, கல்யாணி எத்தனை! நல்ல காந்தாரம் (‘க’ ஸ்வரம்) எப்படி நிற்கும், சுமாரான காந்தாரம் எங்கே சரியும் என்று 23 வயதில் எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

ஆக, முதல் நாள் வீணைமுன் உட்கார்ந்தபோது 23 வயதில் நின்றுபோன கையும் 58 வயதுக் காதும் ஒரே ஆளிடம் இருந்தன. கை வாசிப்பதைக் காது பொறுக்கவில்லை. புதிதாகக் கற்கும் குழந்தைக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அதற்குக் கையும் சிறியது, காதும் சிறியது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வளரும். தான் வாசிப்பது அதற்கு அழகாகவே கேட்கும், உற்சாகமாக இன்னும் வாசிக்கும். திரும்பி வருகிறவருக்கோ, தொடங்கும்போதே காது ஒரு காத தூரம் முன்னால் போயிருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் நாம் “கை போய்விட்டது” என்று தவறாகப் படித்துக்கொள்கிறோம். கை, விட்ட இடத்துக்கு அதிகம் பின்வாங்கவில்லை. காது முன்னேறிவிட்டதால் அது பின்வாங்கியதாகக் கேட்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் டீச்சர். அவருக்கு என் மகளைவிட வயது குறைவு. இரண்டாவது வாரத்தில் நான் வீணையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “இனிமேல் வராது டீச்சர்” என்றேன்.

“நீங்கள் முன்னால் எப்படி வாசித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டார்.

“நன்றாக வாசிப்பேன்.”

“அதற்குப் பதிவு ஏதாவது இருக்கிறதா?”

தேடினால் இருந்தது. என் தம்பியின் பெட்டியில் ஒரு பழைய கேசட், நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா பதிவு செய்தது. அதை ஓடவிட்டுக் கேட்டோம். மோகன வர்ணம். தாளம் இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) ஓடுகிறது. காந்தாரம் தட்டையாக இருக்கிறது. ஒரு கமகமும் முழுசாக இல்லை. அன்றைக்கு அது எனக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. நான் நினைவில் வைத்திருந்த ‘நன்றாக’ என்பது அன்றைய காதின் தீர்ப்பு. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கேசட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, “சரளியிலிருந்து வருவோமா அம்மா?” என்றார்.

முதலில் வாத்தியத்தைப் பாருங்கள்

இதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் செய்யவில்லை. பயிற்சியைத் தொடங்கும் முன் வாத்தியத்தைத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தண்டியில் (நீண்ட கழுத்துப் பகுதியில்) 24 மெட்டுகள் இருக்கின்றன. மெட்டு என்பது குறுக்கே வைத்த உலோகக் கட்டை. தந்தியை அதன் மேல் அழுத்தினால் அந்த மெட்டுக்குரிய ஸ்வரம் பேசும். தஞ்சையை ரகுநாத நாயக்கர் ஆண்ட 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் 24 மெட்டுகளும் நிலையாக அமைந்த இந்த வடிவம் வந்தது என்று சொல்வார்கள். நிலையாக என்றாலும் அவை ஆணி அடித்தோ பசை போட்டோ வைத்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து இரண்டு பக்கமும் கரைகட்டி, அதன் மேல் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்திருக்கும். மெழுகு என்பதால் வெயிலில் இளகும், நாள்பட்டால் காய்ந்து வெடிக்கும். மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் 35 சித்திரை மாதத்தைக் கழித்த வீணை எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் வருவது. முதல் தந்தியான சாரணியில் அதை வாசிக்கும்போது விரல் போகிற வழியைப் பாருங்கள். வெறும் தந்தியை மீட்டினால் ‘ச’. முதல் மெட்டில் ‘ரி’. அங்கிருந்து ஒரு தாவல், நான்காம் மெட்டில் ‘க’. அடுத்ததே ‘ம’, ஐந்தில். ஏழில் ‘ப’. எட்டில் ‘த’. மறுபடி தாவல், பதினொன்றில் ‘நி’. பன்னிரண்டில் மேல் ‘ச’. முதல் பாதியில் என்ன இடைவெளியோ அதே இடைவெளிதான் இரண்டாம் பாதியிலும். இந்தச் சமச்சீர் தொடக்கக்காரர்களுக்கு எளிது. அதனால்தான் புரந்தரதாசர் வகுத்த முறை என்று சொல்லப்படும் பாடவரிசை இந்த ராகத்தில் தொடங்குகிறது. ஆனால் தண்டியில் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி வரும். ஒன்றிலிருந்து நாலுக்குத் தாவுகிற தூரமும் எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தாவுகிற தூரமும் ஒன்றல்ல. கண் பார்க்காமலே கை இந்தத் தூரங்களை அறிந்துவைத்திருக்கும். மூன்றாம் நாளே என் விரல் சரியாகத் தாவி நாலாம் மெட்டில் உட்கார்ந்தது. ஆனால் காந்தாரம் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் பிசகாகவே கேட்டது.

இரண்டு வாரம் என் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தஞ்சையில் வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் நாலாம் மெட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார்; அது மெழுகில் ஆடியது. “இது எப்போதோ நகர்ந்துவிட்டதே” என்றார். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டினார்கள். மெட்டுகளைப் பதிப்பதற்குத்தான் அந்தப் பெயர். துருப்பிடித்த தந்திகளையும் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து மீட்டியபோது காந்தாரம் தன் இடத்தில் நின்றது. என் கையும் சரியாக இருந்தது, காதும் சரியாக இருந்தது. இரண்டு வார வேதனைக்குக் காரணம் ஒரு நெல்மணி அளவு நகர்ந்த உலோகத் துண்டு.

மற்ற வாத்தியங்களுக்கும் இதே விதி. மூடிவைத்த வயலின் வில்லின் குதிரைமுடியைப் பூச்சி அரித்திருக்கும். மிருதங்கத்தில் வார் தளர்ந்து, வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) நடுவில் இருக்கும் கருஞ்சோறு விரிசல் விட்டிருக்கும். புல்லாங்குழல் மூங்கிலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் காற்று அங்கே போய்விடும், வாசிப்பவர் தன் மூச்சை நொந்துகொள்வார்.

எப்படித் தூர்வாருவது

தினமும் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது பலமடங்கு மேல். கைப்பழக்கம் வாசிக்கும்போது மட்டும் பதிவதில்லை, வாசித்து முடித்த பிறகும், தூங்கும்போதும் மூளையில் இறுகுகிறது. ஏழு தூக்கத்துக்கு ஒரு தூக்கம் ஈடாகாது. தோலுக்கும் தசைக்கும் அதுவே நல்லது. காலையில் இருபது, மாலையில் இருபது என்று பிரித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்ளலாம். தந்தியின் விறைப்பு குறையும், இழுக்க எளிதாக இருக்கும். காய்ப்பு வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று அடியிலிருந்தே போவது நல்லது. வர்ணம் வரை வாசித்தவருக்கு இது கௌரவக் குறைவாகப் படும், எனக்கும் பட்டது. ஆனால் தெரிந்த கீர்த்தனையை எடுத்தால் காது உடனே தான் கேட்ட மேதைகளை எல்லாம் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும். சரளி வரிசையில் ஒப்பிட ஆள் கிடையாது. அங்கே காது நீதிபதி வேலையை விட்டுவிட்டுக் கைக்கு உதவிக்கு வரும்: இந்த ரிஷபம் (‘ரி’) சேர்ந்ததா, சுருதியோடு ஒட்டியதா என்று மட்டும் பார்க்கும். நீண்ட காலம் கேட்டுப் பழகிய காதை வாத்தியாராக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சுருதிப் பெட்டியோ போனில் தம்புராவோ இல்லாமல் ஒரு நாளும் உட்காராதீர்கள்.

வேகம் பற்றி ஒரு எச்சரிக்கை. கை முதல் வாரத்திலேயே பழைய வேகத்துக்குப் பாயப் பார்க்கும். பாய்ந்தால் தாவல்கள் பிசகும். கைக்குச் சரி தவறு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பதித்துக்கொள்ளும், பிழையையும் சேர்த்தே. அதனால் முதல் காலத்தில் பிசகில்லாமல் வந்த பிறகு இரண்டாம் காலம், அது வந்த பிறகு மூன்றாம் காலம். என்னை மூன்று வாரம் முதல் காலத்திலேயே நிறுத்திவைத்தார் டீச்சர்.

இன்னொன்றும் நடக்கும். ஏதோ யோசனையில் இருக்கும்போது கை தானாக ஒரு வர்ணத்தின் பல்லவியை முழுவதும் வாசித்துவிடும். அடடா என்று கவனித்த நொடியில் அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி தலையிலிருந்து வந்தால்தான் வரும். கை அதைச் சங்கிலியாகக் கற்றிருக்கிறது, ஒரு கண்ணி அடுத்ததை இழுக்கிறது, நடுக்கண்ணியைத் தனியாக எடுக்கத் தெரியாது. பயப்பட வேண்டாம். அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், எத்துக்கடை ஸ்வரங்கள் என்று ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் தனித்தனியே தொடங்கிப் பழகினால், அறுந்தாலும் பிடித்துக்கொள்ள நாலைந்து இடங்கள் இருக்கும். இளம் வயதில் இதை யாரும் செய்வதில்லை, தேவைப்படுவதுமில்லை.

ஊதும் வாத்தியங்கள்

இதுவரை சொன்னது பெரும்பாலும் தந்தி வாத்தியங்களுக்கு. ஊதுபவர்களின் கணக்கு வேறு. எங்கள் தெருவில் ஒருவர், தகப்பனாரிடம் நாதஸ்வரம் கற்றுக் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தவர், அரசு வேலை கிடைத்துப் போய், அறுபது வயதில் திரும்பினார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த தகப்பனாரின் நாதஸ்வரம் பழுதில்லாமல் இருந்தது. (அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) விரல்களும் சீக்கிரம் வந்துவிட்டன என்கிறார். வராதது உதடு. நாணலில் செய்த சீவாளியை உதடுகளால் கவ்வி, கவ்வுகிற அழுத்தத்தை மயிரிழை மாற்றி மாற்றித்தான் நாதஸ்வரத்தில் ஸ்வரம் வளைகிறது. உதட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகள் பழக்கம் விட்டால் வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். அவர் முதல் மாதம் முழுக்க மெல்லிய சீவாளி ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஊதுவது, பத்து நிமிடம் ஓய்வு என்று பழகினார். வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் தினமும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊறவைத்து, விரலால் அழுத்தி, வாய் அகலத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பார்த்தாலே இவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் நாதஸ்வரத்துக்குத் திரும்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

வயலின்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாத்தியத்தில் மெட்டு கிடையாது. விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் ஸ்வரம் பிசகும், வளர்ந்த காது அதை உடனே பிடிக்கும். காதுக்கும் கைக்கும் உள்ள இடைவெளி உங்களுக்குத்தான் மிக அதிகமாக வலிக்கும்.

உடம்பு

சம்மணமிட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்றால் நாற்காலியில் உட்காரலாம். வீணையின் குடத்துக்கு வலப்பக்கம் அதே உயரத்தில் ஒரு முக்காலி வைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஸ்வரப் புத்தகம் எழுத்துத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். குனிந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். விரல் நுனி எரிச்சல் இயல்பு. மரத்துப்போவது, மணிக்கட்டில் சுரீரென்று இழுப்பது, காலையில் விரல் மடங்காமல் இருப்பது இயல்பல்ல. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், தோல் கிழிந்ததே தெரியாமல் போகும். வாசித்து முடித்ததும் வெளிச்சத்தில் விரல் நுனியைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

டீச்சர் சொல்லி நான் இன்றும் விடாமல் செய்வது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அதே முதல் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்துப் போனில் பதிவு செய்கிறேன். நினைவில் இருக்கும் பழைய வாசிப்போடு ஒப்பிடாமல் போன மாத வாசிப்போடு ஒப்பிட அது ஒன்றுதான் வழி. முதல் பதிவில் ‘ரி’யிலிருந்து ‘க’வுக்குப் போகும் முன் ஒரு சிறு மௌனம் கேட்கிறது, விரல் தேடுகிற நேரம். மூன்றாவதில் அது இல்லை. நாலாவதில் கமகம் முழுத் தூரம் போகிறது. ஆறாவதில், மூன்றாம் காலத்தில், தாளத் தந்தி முதல் தடவையாகச் சரியாகச் சமத்தில் (தாளத்தின் தொடக்க அடியில்) விழுகிறது. அடுத்த வாரம் மோகன வர்ணத்தைத் திறந்தோம்.